எபிடியூரலுக்கு 5 ஸ்டார், திருப்பிப் படுக்க வைக்கிறதுக்கு 2 ஸ்டார்

எதிர்சேவை (அழகர் ஆத்துல எறங்குறதுக்கு முந்துன நாள்) அன்னைக்கு ராத்திரி பிரசவ வலி எடுத்துருச்சு. உசிலம்பட்டில இருந்து கார்ல கெளம்பி, மதுரைல ஆத்தைத் தாண்டி இந்த ஆஸ்பத்திரிக்குள்ள நுழையுறதுக்குள்ள மணி பதினொண்ணு, டவுன் பூரா ஜனம். முதல் பிரசவம். கர்ப்பப்பை வாய் நாலு சென்டிமீட்டர்தான் தெறந்திருக்குன்னாங்க, என்னால தாங்க முடியல, நானே எபிடியூரல் (முதுகுல டியூப் வழியா மருந்து விட்டு இடுப்புக்குக் கீழ வலியை மரக்க வைக்கிறது) கேட்டேன். அதுக்குத் தனியா 12,000 (அட்மிஷன்லயே சொல்லிருந்தா எங்க வீட்டுக்காரரு ஏடிஎம்முக்கு ஓடியிருக்க வேணாம்). மயக்க டாக்டர் அரைமணி நேரத்துல வந்தாரு, குனிஞ்சு உக்கார வச்சு முதுகுல ஊசி, மெல்லிசா ஒரு டியூப்பை விட்டு ஒட்டிட்டாரு, இருபது நிமிஷத்துல வலி அடங்கிருச்சு. அந்த மனுசனுக்குத்தான் அந்த 5 ஸ்டார்.

பிரச்சினை அதுக்கப்புறம். நைட் டூட்டில இருந்தவங்க உள்ள செக் பண்ணிட்டு என்னை மல்லாக்கப் போட்டுட்டு அப்படியே போயிட்டாங்க. வலி இருந்தா நம்மளே பொரண்டு பொரண்டு படுப்போம்ல, இதுல மரத்துப் போயி கெடக்கோம், ஒண்ணும் தெரியல, நானும் சொகமா கெடந்தேன். கொஞ்ச நேரத்துல குமட்டுது, கண்ணு இருட்டுது, பிபி எறங்கிருச்சு, பெல்ட் கட்டின மிஷின்ல பாப்பா துடிப்பும் கொறைய ஆரம்பிச்சிருச்சு. அத்தை வெளிய ஓடி கத்துன கத்துல ஒரு வயசான சிஸ்டர் வந்து "ஏம்மா, நெறமாசத்துல மல்லாக்கப் படுக்கலாமா"ன்னு என்னையவே வஞ்சுக்கிட்டு, எடது பக்கமா ஒருக்களிச்சு சாச்சு, குளுக்கோஸ் பாட்டிலை வேகமா ஓட விட்டாங்க. ரெண்டு மூணு நிமிஷத்துல துடிப்பு பழையபடி வந்துருச்சு. வயித்து வெயிட்டு பூரா முதுகுப் பக்கம் இருக்க பெரிய ரத்தக் குழாயை அமுக்கிருமாம், எபிடியூரல் மருந்தே பிபியை எறக்கும், ரெண்டும் சேந்தா இப்படித்தான்னு அப்புறம் டாக்டர் சொன்னாரு. இதை முன்னாடியே அந்த நைட் டூட்டிக்காரங்களுக்குச் சொல்லிருக்கலாம்.

அதுக்கப்புறம் அந்த சிஸ்டர் நகரவே இல்ல. அரைமணிக்கு ஒருக்கா எடம் வலம் மாத்திப் போட்டாங்க, தொடைக்கு நடுவுல ரெண்டு தலையணையை மடிச்சு வச்சாங்க. வெளியூர்ல இதுக்குன்னே நிலக்கடலை ஷேப்புல ஒரு பந்து வச்சிருக்காங்க, 12,000 வாங்குற எடத்துல அதையும் ஒண்ணு வாங்கிப் போடலாம். நடுவுல எடது இடுப்புல மட்டும் வலி திரும்ப வந்துச்சு, அந்தப் பக்கமாவே படுக்க வச்சு டோஸ் ஏத்தினாங்க, சரியாப் போச்சு.

முக்குற நேரத்துல இன்னொரு பஞ்சாயத்து. எங்க அப்பத்தா "உத்தரத்துல கயித்தைக் கட்டிப் புடிச்சு குத்த வச்சுத்தான் நாங்க பெத்தோம், இவளையும் உக்கார வைங்க"ன்னு ஒரே பிடிவாதம். லண்டன்ல நர்ஸா இருக்க சித்தி மகள் போன்ல சொன்னா, எபிடியூரல் போடாதவங்களுக்கு நிமிந்து இருக்கறது நல்லதுதான் அக்கா, போட்டவங்களுக்கு அப்படி இல்லன்னு. இங்கிலாந்துல கம்மி டோஸ் எபிடியூரல் போட்ட தலைப்பிள்ளைக்காரங்க 3,000 பேருக்கு மேல வச்சு ஆராய்ச்சி பண்ணி 2017ல வெளியிட்டாங்களாம். வாய் முழுசா தெறந்த பெறகு ஒருக்களிச்சுப் படுத்தவங்கள்ல 41 சதவீதம் பேருக்கு ஆயுதம், சிசேரியன் எதுவும் இல்லாம தானாப் பொறந்துருக்கு, நிமிந்து இருந்தவங்கள்ல 35தான். இதைச் சொன்னதும் டாக்டரம்மா மொகம் சுளிக்காம "சரி, சைடுலயே முக்கு"ன்னுட்டாங்க, அதுக்கு ஒரு ஸ்டார் கூட. கடைசி பத்து நிமிஷம் மட்டும் காலைத் தூக்கி வச்சாங்க, தையல் போடணும்ல.

அழகர் ஆத்துல எறங்கி ரெண்டு மணி நேரம் கழிச்சு எங்க மக எறங்குனா, 2.9 கிலோ.

மத்தபடி ரூம் சுத்தம், பாத்ரூம் சுமார், பார்க்கிங் சுத்தமா இல்ல, கேன்டீன் இட்லி பக்கமே போயிறாதீங்க. இங்க எபிடியூரல் போடப் போறவங்க தொணைக்கு வர்றவங்ககிட்ட சொல்லி வைங்க, செக் பண்ணிட்டு மல்லாக்க விட்டுட்டுப் போனா உடனே சிஸ்டரைக் கூப்புட்டு திருப்பிப் போடச் சொல்லணும், ஏன்னா படுத்திருக்கவளுக்கு ஒண்ணும் தெரியாது.