உபுண்டுவுக்கு இடம் போதவில்லை: பார்ட்டிஷனை நகர்த்துவதா, புதிதாக ஒன்று போடுவதா?

விண்டோஸும் உபுண்டுவும் தனித்தனி பார்ட்டிஷன்களில் (டிஸ்க்கின் பிரித்த பகுதிகளில்) உள்ள கணினியில் உபுண்டு நிரம்பிவிட்டால் சி டிரைவிலிருந்துதான் இடம் எடுக்க வேண்டும். அதற்கு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டே போதும். 50 ஜிபி வேண்டுமென்றால் சுருக்கும் அளவை 51200 எம்பி என்று கொடுங்கள். கேட்ட அளவு வராவிட்டால் ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் இருந்தால் ரெகவரி கீயை முதலிலேயே எழுதி வையுங்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். டிஸ்க் வரைபடத்தில் காலியிடம் வழக்கமாக உபுண்டுவுக்கு இடப்பக்கம் விழும். வலப்பக்கம் என்றால் நீட்டுவது எளிது. இடப்பக்கம் நீட்ட, பார்ட்டிஷன்களை மாற்றும் மென்பொருளான ஜிபார்ட்டட், பார்ட்டிஷனின் தொடக்கத்தையே மாற்றி, உள்ளிருக்கும் தரவு முழுவதையும் புதிய இடத்துக்கு எழுதும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இது மணிக்கணக்கில் ஓடும். பாதியில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. பழைய பார்ட்டிஷனும் முழுதாக இருக்காது, புதியதும் இருக்காது.

லக்சபான மின்நிலையம் பக்கத்தில் இருந்தும் இலங்கை மலையகத்தின் ஹட்டன், மஸ்கெலியாவில் இடி இடித்தால் கரண்ட் போகத்தான் செய்கிறது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் வேளை மோசம். வீட்டு யூபிஎஸ் கணினியை ஒழுங்காக நிறுத்தும் வரைதான் தாங்கும். ஆகவே டெஸ்க்டொப் என்றால் நகர்த்தவே வேண்டாம்.

காலியிடத்தில் புதிய இஎக்ஸ்டி4 (லினக்ஸ் கோப்பு முறை) பார்ட்டிஷன் போட்டு, அதை ஹோமாக, அதாவது உங்கள் கோப்புகள் இருக்கும் ஃபோல்டராக மாற்றுங்கள். உருவாக்கச் சில வினாடிகள்தான். லைவ் யூஎஸ்பியில் (உபுண்டுவை நேரடியாக ஓட்டும் பென்டிரைவில்) பூட் செய்து, உரிமையும் அனுமதிகளும் மாறாமல் ஹோமை ஆர்சிங்க் என்ற பிரதி எடுக்கும் கட்டளையால் பிரதி எடுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் மூலம் அப்படியே இருக்கும்; மறுபடி ஓட்டினால் மிச்சத்தை மட்டும் எடுக்கும். பிறகு பழைய ஹோமுக்கு வேறு பெயர் வைத்து, வெறும் ஹோம் ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, எஃப்எஸ்டேப்பில் (எந்தப் பார்ட்டிஷன் எங்கே இணையும் என்று சொல்லும் கோப்பில்) புதிய பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யூயூஐடியைச் சேருங்கள். அந்த எண்ணில் ஓர் எழுத்து பிழைத்தாலும் பூட் 90 வினாடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். பழைய ஹோமை அழித்த பிறகுதான் ரூட்டில் (உபுண்டு நிறுவப்பட்ட பார்ட்டிஷனில்) இடம் திரும்பும்.

இந்த வழியில் ரூட் பெரிதாகாது. ரூட்டில் தங்கும் ஸ்னாப் (உபுண்டுவின் செயலிப் பொதிகள்), டொக்கர் (கன்டெய்னர் மென்பொருள்) இரண்டும்தான் இடத்தைத் தின்கின்றன என்றால் ஹோமை மாற்றிப் பெரிய பயனில்லை. பல பார்ட்டிஷன்களை ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்தும் எல்விஎம்மில் நிறுவியிருந்தால் அந்தக் கவலை இல்லை: காலியிடத்தை அதே வொல்யூம் குரூப்பில் (சேர்த்த இடத்தின் தொகுப்பில்) சேர்த்து, எதையும் நகர்த்தாமலே ரூட்டை நீட்டலாம். எஸ்எஸ்டியும் நல்ல பெட்டரியும் உள்ள லெப்டொப் என்றால் நகர்த்துவதிலும் தவறில்லை. பேக்கப் எடுத்துவிட்டு, சார்ஜரைச் செருகி, காலையில் தொடங்குங்கள்.