உப்புக்காற்றில் மூன்றரை வருஷம் ஓடிய எங்கள் டெஸ்க்டாப்

குளச்சலில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கடல் தெரியும். வருகிறவர்கள் அதைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். கேட், ஜன்னல் கம்பி, ஃபேன், மிக்ஸி என்று ஒவ்வொன்றாக அந்தக் கடல் தின்பது குடியிருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் எப்படிப் பிழைத்துக் கிடக்கிறது என்பதுதான் விஷயம்.

2022 ஜூனில் வாங்கினோம். சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மெடிக்கல் பில்லிங் பார்க்கிறேன். அமெரிக்க நேரம் என்பதால் மாலை ஆறரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க விடிகாலை மூன்றரை ஆகும். பகலில் மகளுக்குப் பாடம், மகனுக்கு விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாமிக்குக் குவைத்தில் இருக்கிற கொழுந்தனோடு வீடியோ கால். ஆக, ஒரே பெட்டிக்கு நான்கு முதலாளிகள்.

லேப்டாப் வேண்டாம் என்று முடிவெடுத்ததற்குக் கழுத்துவலி ஒரு காரணம். இன்னொன்று, லேப்டாப்பில் ஒரு பொருள் போனால் மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏற வேண்டும். மானிட்டருக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ஆல்-இன்-ஒன் பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் அதிலும் இதே கதைதான். இந்தக் காற்றில் ஏதாவது ஒன்று போகத்தான் செய்யும். போவதை மட்டும் கழற்றி மாற்ற முடிகிற பொருளாக இருக்கட்டும் என்று அசெம்பிள் செய்தோம்.

ஐ5-12400 பிராசஸர், 16 ஜிபி ரேம், ஃபைல்களைச் சேமிக்க 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 24 அங்குல மானிட்டர். எல்லாம் சேர்த்து 52,000 ரூபாய் ஆனது. கடைத் தம்பி 12400எஃப் எடுத்தால் விலை குறையும் என்றார். அந்த 'எஃப்' இருந்தால் பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது, தனியாகக் கார்டு போடாவிட்டால் திரையில் ஒன்றும் வராது. எக்செல்லும் பிரவுசரும் ஓட்டுகிற எனக்குக் கார்டு எதற்கு? எஃப் இல்லாததையே வாங்கினேன். இன்றுவரை ஒரு நாள்கூட வேகம் போதவில்லை என்று தோன்றியதில்லை. மகன் மட்டும் இதை ஒத்துக்கொள்ள மாட்டான்.

கீபோர்டில்தான் ஏமாந்தேன். ஆசைப்பட்டு மெக்கானிக்கல் வாங்கினேன். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த டக் டக் சத்தத்தில் இவர் எழுந்து வந்து, "தறியா நெய்யுற?" என்று கேட்டார். மறுவாரமே சாதாரண கீபோர்டுக்கு மாறிவிட்டேன்.

பெட்டி வந்த இரண்டாம் நாள், வெறுங்காலோடு நின்றபடி பென்டிரைவ் செருகப் போனேன், விரலில் சுள்ளென்று அடித்தது. கடையில் கேட்டால் "அது எல்லாத்துலயும் இருக்கும்" என்றார்கள். எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 28 வோல்ட். கிணற்றோரம் புதைத்திருந்த எர்த் பைப் மண்ணுக்குள்ளேயே அரித்துப்போய்க் கம்பி தனியே நின்றது. எர்த் சரியாக இல்லாவிட்டால், வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கிற ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் போக இடமில்லாமல் தகரப் பெட்டியிலேயே நின்றுவிடுமாம். ப்ளக் செருகுகிற ஸ்பைக் கார்டு பலகையும் அதிக வோல்டேஜை எர்த்துக்குத்தான் பெரும்பாலும் தள்ளிவிடப் பார்க்கும். எர்த் இல்லாத வீட்டில் அதன் வேலை முழுதாக நடக்காது. கரியும் உப்பும் போட்டுப் புதுக் குழி எடுத்தோம். மீட்டர் 2 வோல்ட்டுக்கு இறங்கியது. மானிட்டரில் இன்னும் கொஞ்சம் பெரியதாக வாங்க வைத்திருந்த காசு அந்தக் குழிக்குள்தான் போனது. வருத்தமே இல்லை.

அடுத்தது யூபிஎஸ். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று முதலில் வாங்கவில்லை. கரண்டு போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அணைந்து அணைந்து எழுந்தது. கரண்டே வராமல் ஒரு எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது ஏறக்குறைய 16 மில்லிசெகண்ட்தான். இன்வெர்ட்டரின் பின்புறம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், அது 'ஈக்கோ'வில் கிடந்தது. அதில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாற அதைவிட நேரம் எடுக்கும். 'யூபிஎஸ்' பக்கம் தள்ளியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதிக்கு 600 விஏ யூபிஎஸ் ஒன்று வாங்கினேன். புதிதில் இருபது நிமிடம் நின்றது, இரண்டு வருஷம் கழிந்ததும் மூன்று நிமிடம்கூட இல்லை. உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரிதான், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மோடத்துக்கும் குட்டியாக ஒரு யூபிஎஸ் போட்டிருக்கிறேன். நெட் போய்விட்டால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்து என்ன பயன்?

இனி காற்று. மேசையை மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டது முழுக்க என் தப்பு, வெளிச்சம் நன்றாக இருந்ததால் அங்கே போட்டேன். முன்பக்கம் வலைபோல இருக்கிற கேபினெட், உள்ளே இழுக்கும் ஃபேன், எதிரே கடல். அடுத்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் ஆன் செய்தால் பீப் பீப் என்று சத்தம், திரை கறுப்பு. வந்த தம்பி ரேமைக் கழற்றிக் காட்டினார். தங்கநிறப் பட்டைகள் மேல் மங்கலாக ஒரு படலம். "உப்புக்காத்து கேறியிருக்குக்கா" என்று சொல்லிவிட்டு மகனின் பென்சில் பாக்ஸில் இருந்து அழிரப்பரை எடுத்து மெல்லத் தேய்த்தார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் சரி. பின்பக்கத் தகரத்திலும் ஸ்குரூக்களிலும் துரு ஏறியிருந்தது. முன்பக்க யூஎஸ்பி ஒன்றில் பச்சை பூத்திருந்தது. கேபினெட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு பல்லி முட்டை.

அன்றைக்கே மேசை கிழக்குச் சுவருக்கு மாறியது. தினமும் ஓடி உள்ளே சூடாக இருக்கிற மெஷினில் ஈரம் தங்காது. லீவில் பத்து நாள் அணைத்துப் போட்டுவிட்டு வந்தால்தான் வம்பு. அதனால் ஊருக்குப் போனால்கூட, தினம் ஒரு மணி நேரம் ஆன் செய்து வைக்கும்படி மாமியிடம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

2023 ஐப்பசியில் ஒரு மத்தியானம் இடி. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், மோடத்திலிருந்து நெட் கொண்டுவருகிற லேன் கேபிளைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் எங்கோ தென்னையில் இறங்கிய மின்னலில் மோடமும் மதர்போர்டின் லேன் போர்ட்டும் போயின. வருவது ஃபைபர்தானே, கண்ணாடி இழையில் எப்படி மின்சாரம் வரும் என்று எனக்கும் குழப்பம். மோடத்தின் அடாப்டர் ப்ளக்கிலேயே இருந்தது. அந்த வழியாக ஏறி லேன் கேபிளில் நடந்து வந்திருக்கிறது. நல்லவேளை, மதர்போர்டை மாற்ற வேண்டியிருக்கவில்லை. யூஎஸ்பியில் செருகுகிற லேன் அடாப்டர் ஒன்றை வாங்கிப் போட்டேன், இன்றுவரை அதில்தான் வேலை நடக்கிறது.

ஆளுக்கொரு லாகின் போட்டுக் கொடுத்ததில் வீட்டில் சண்டை குறைந்தது. பிள்ளைகளுடையது ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட். மகன் எதையாவது இன்ஸ்டால் செய்யப் போனால் என் பாஸ்வேர்டு கேட்கும். 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தபோது தெரிந்தவர்கள் பலர் பழைய மெஷினோடு திண்டாடினார்கள். எங்களுடையதில் முதலிலிருந்தே விண்டோஸ் 11 என்பதால் அந்தத் தலைவலி இல்லை.

ரேமை 32 ஜிபி ஆக்கலாம் என்று 2025 டிசம்பரில் விலை கேட்டேன். எங்கள் ரேம் வகையான டிடிஆர்4 விலை ஏறிய ஏற்றத்தைக் கேட்டதும் 16 போதும் என்று திரும்பி வந்துவிட்டேன். யூபிஎஸ் பேட்டரி மறுபடியும் சிணுங்க ஆரம்பித்திருக்கிறது, அடுத்த மாதச் சம்பளத்தில் அதற்கு ஒரு வழி பண்ண வேண்டும். நேற்று மத்தியானம் மேகம் கறுத்தபோது நான் தூக்கத்தில் இருந்தேன். எழுந்து வந்து பார்த்தால் ப்ளக், லேன் கேபிள், மோடம் அடாப்டர் மூன்றும் கழற்றி மேசைமேல் வரிசையாகக் கிடந்தன. "மின்னல் வெட்டுச்சு பிள்ளே, அதான் கழத்திப் போட்டேன்" என்றார் மாமி. எந்த ஒயர் எங்கே போகும் என்று மட்டும் அவருக்குத் தெரியாது. திரும்பச் செருகிவிட்டுத்தான் ஷிஃப்டுக்கு உட்கார்ந்தேன்.