விண்டோஸ் 11 கணினி மீட்டமைப்பு வசதி: ஒரு மதிப்பீடு
விண்டோஸ் 11 தடுமாறத் தொடங்கியதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ முனைவதற்கு முன், அதன் அமைப்புகளிலேயே (Settings) உள்ள கணினி மீட்டமைப்பு (Reset this PC) வசதியைப் பயன்படுத்திப் பார்ப்பதே நல்லது என்பேன். கோப்புகளை வைத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுத்தால் ஆவணங்களும் படங்களும் அப்படியே இருக்கும். நாம் நிறுவிய மென்பொருள்கள் நீங்கிவிடும் என்றாலும், நீங்கியவற்றின் பட்டியலை முகப்புத் திரையில் ஒரு கோப்பாக விட்டுவைப்பது உண்மையிலேயே பாராட்டத்தக்க அக்கறை. கணினியில் உள்ள அமைப்புக் கோப்புகளே பழுதாகியிருக்கக்கூடும் என்பதால், 4 ஜி.பி.க்கு மேல் டேட்டா செலவாகலாம் என்றாலும், விண்டோஸை இணையத்திலிருந்து பதிவிறக்கி நிறுவும் வழியையே நான் விரும்புகிறேன். ஹார்டு டிஸ்க்கே பழுதாகியிருந்தால் இவ்வசதி உதவாது. தொடங்குமுன் முக்கியக் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, டிஸ்க்கில் உள்ளவற்றைப் பூட்டிப் பாதுகாக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். சாவி கேட்கும் நீலத் திரை வந்தபின் அதே கணினிக்குள் அதைத் தேட வழியில்லை.