ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லையா: கேபிளை முறுக்குவதா, டிரம்மைத் திறப்பதா?

மாருதி 800, ஜென், ஆம்னி, பழைய ஆல்டோ, 2005-ல் வந்த ஸ்விஃப்ட் என்று எதை எடுத்தாலும் பின்சக்கரத்தில் டிரம் பிரேக்தான்: சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம் போன்ற டிரம்முக்குள் வளைந்த இரண்டு ஷூ விரிந்து, உரசி அதை நிறுத்தும். கால் பிரேக்கை மிதித்தால் எந்த ஷூ விரிகிறதோ, அதே ஷூவைத்தான் ஹேண்ட் பிரேக்கும் கேபிள் வழியாக இழுத்து விரிக்கிறது. அதனால் லிவர் பத்துப் பன்னிரண்டு "டிக்" ஏறியும் வண்டி சரிவில் நழுவுகிறது என்றால் கோளாறு கேபிளில் இருக்கலாம், ஷூவில் இருக்கலாம், இரண்டிலுமே இருக்கலாம். ஆனால் ஷெட்டுக்குப் போனதும் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான்: கன்சோலைக் கழற்றி, லிவருக்கு அடியில் இருக்கும் நட்டை நாலு சுற்று முறுக்கி, "பாருங்க சார், டைட் ஆயிடுச்சு" என்று சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பல வண்டிகளுக்கு இது தப்பான இடத்தில் தொடங்கும் வேலை. டிரம்மில் தொடங்க வேண்டும், கேபிள் நட்டுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். ஏன் என்று ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

முதலில் கேபிளை முறுக்குவது. இதன் நல்ல பக்கம் வேகமும் செலவும்: ஒரு ஸ்பேனர், கால் மணி நேரம், உதிரிபாகம் எதுவும் வேண்டாம். கேபிள் புதிதாக மாற்றி, ஓடி ஓடிக் கொஞ்சம் நீண்டிருந்தால் இதுவே சரியான வைத்தியம். ஷூ தேய்ந்திருக்கும்போது செய்தால்தான் கெடுதல். டிரம்முக்குள் ஹேண்ட் பிரேக்குக்கென்று ஒரு சின்ன லிவர் இருக்கிறது, கேபிள் அதைத்தான் இழுக்கிறது. ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும் அது முழுதாகத் திரும்பித் தன் இடத்தில் போய் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால்தான் ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைத் தானாகச் சரி செய்யும் அட்ஜஸ்டர் ஒழுங்காக வேலை செய்யும். கேபிளை அதிகமாக முறுக்கிவிட்டால் அந்த லிவர் எப்போதும் பாதி இழுபட்ட நிலையில் நிற்கும், அட்ஜஸ்டர் அப்படியே முடங்கிவிடும். ஷூ மேலும் தேயத் தேயக் கால் பிரேக் பெடலும் கீழே போக ஆரம்பிக்கும். மறுபடி முறுக்குவார்கள். ஒரு கட்டத்தில் நட்டுக்கு மேல் மரையே மிச்சம் இருக்காது. நடுவில் பின்சக்கரம் லேசாக உரசிக்கொண்டே ஓடி, டிரம் சூடாகி, மைலேஜும் குறையும். ஹேண்ட் பிரேக்கைச் சரி செய்யப் போய்க் கால் பிரேக்கைக் கெடுத்துக்கொள்ளும் வழி இது, அதனால்தான் இதில் இவ்வளவு கண்டிப்பு.

இரண்டாவது, டிரம்மைத் திறந்து சுத்தம் செய்து ஷூவைச் சரி பார்ப்பது. அரை நாள் வேலை, கையெல்லாம் அழுக்காகும், ஆனால் பழைய வண்டியில் பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். கேபிளை முழுக்கத் தளர்த்தி, டிரம்மின் நடுவில் நட்டு உள்ள வண்டியில் அதையும் கழற்றிவிட்டுத்தான் டிரம்மை இழுக்க வேண்டும், இல்லையென்றால் விரிந்து நிற்கும் ஷூ அதை விடாது. துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் சுத்தியலால் ஓங்கி அடிக்கத் தேவையில்லை. பல மாருதி டிரம்களில் மரையோடு இரண்டு துளை இருக்கும், அதில் 8 எம்எம் போல்ட் இரண்டை மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். உள்ளே கருப்புத் தூள் நிறைய இருக்கும். அதைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஷூ மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டைதான் லைனிங், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குப் போகக் கூடாது. பிரேக் கிளீனரோ சோப்புத் தண்ணீரோ போட்டு ஈரமாகத் துடையுங்கள். அட்ஜஸ்டர் பல்லும் அந்தச் சின்ன லிவரும் துருவில் இறுகியிருந்தால் துடைத்து, உலோகம் உரசும் இடங்களில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸைத் துளி தடவி, லைனிங் மேல் விரல்கூடப் படாமல் மாட்டுங்கள். கழற்றிய நடு நட்டை அதற்குரிய டார்க்கில் (இறுக்கும் அளவில்) இறுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் உள்ள வண்டியில் புதுப் பின் போட வேண்டும். அப்புறம் கால் பிரேக்கைப் பல முறை அழுத்தி மிதித்தால் அட்ஜஸ்டர் இடைவெளியைப் பிடித்துக்கொள்ளும். கேபிள் நட்டைத் தொட வேண்டிய நேரம் அதற்குப் பிறகுதான்.

திறந்து பார்த்தபோது லைனிங் தேய்ந்திருந்தாலோ, கண்ணாடி மாதிரிப் பளபளத்தாலோ, எண்ணெயில் ஊறியிருந்தாலோ மூன்றாவது வழி, புது ஷூ. எண்ணெய் பட்ட லைனிங்கை உப்புத்தாளில் தேய்த்துத் திரும்ப மாட்டும் வழக்கம் உண்டு, அது நிற்காது. ஊறிய எண்ணெய் சூட்டில் மறுபடி கசியும். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்காமல் புது ஷூ போடுவதும் வீண். கால் பிரேக்கை மிதித்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்தால் பிரேக் ஆயில், ஆம்னி மாதிரிப் பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் ஆக்சில் சீல் போனால் கியர் ஆயில். ஷூ மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். டிரம்மில் ஆழமான கோடு விழுந்திருந்தால் லேத்தில் கடையலாம், ஆனால் டிரம்மில் பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டினால் புது டிரம்தான்.

கேபிளையே மாற்றுவது நான்காவது. கடலோர ஊர் வண்டிகளிலும், மழைத் தண்ணீரில் நின்ற வண்டிகளிலும் இது சீக்கிரம் தேவைப்படும். மேலுறை கிழிந்து தண்ணீர் உள்ளே போய், உள்கம்பி துருப்பிடித்து இறுகிவிடும். அடையாளம் என்னவென்றால், ஹேண்ட் பிரேக்கை இறக்கியும் சக்கரம் பிடித்தபடியே இருக்கும், அல்லது ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். அங்கங்கே எண்ணெய் விட்டால் நாலு வாரம் ஓடும், அவ்வளவுதான். இழை பிரிந்த கேபிளை ஒரு நாள்கூட நம்ப வேண்டாம்.

உங்கள் வண்டிக்கு இதில் எது என்று தெரிய, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வேலை செய்யக் கூடாது. ஒருவர் லிவரை ஒவ்வொரு டிக்காக ஏற்ற, நீங்கள் இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். கால் பெடலும் கீழே போய், ஹேண்ட் பிரேக்கும் பிடிக்கவில்லையென்றால் முதல் சந்தேகம் ஷூ மேல். பெடல் கெட்டியாக இருந்து ஹேண்ட் பிரேக் மட்டும் தளர்ந்திருந்தால் கேபிள். இரண்டு சக்கரத்தில் ஒன்று மட்டும் பிடித்தால் பிடிக்காத பக்கத்து டிரம்மைத் திறந்தே ஆக வேண்டும், முறுக்கினால் அது சரியாகாது.

பின்னாலும் டிஸ்க் உள்ள வண்டிக்குக் கணக்கு வேறு. சிலவற்றில் டிஸ்க்கின் நடுவில் தனியாகச் சின்ன டிரம், சிலவற்றில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரே கேபிளில் இயங்கும். காலிப்பர் வகையில் டிஸ்க் சூடாக இருக்கும்போது நிறுத்தினால் ஆறும்போது பிடி கொஞ்சம் தளரும், அதனால் மலை இறங்கி வந்ததும் நிறுத்தினால் கியரிலும் போட்டு வைப்பது கட்டாயம்.

வேலை முடியும் வரை வண்டியை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், நிறுத்தும்போது ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ், கூடவே சக்கரத்துக்கு ஒரு கட்டை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுக்கோ ஊட்டிப் பக்கத்துக் கல்லட்டி மலைப்பாதைக்கோ அந்த நிலையில் கொண்டுபோகாதீர்கள். பாதி ஏற்றத்தில் முன்னால் ஒரு பஸ் நின்றால் கிளட்ச்சும் கால் பிரேக்கும் மட்டும் போதாது.

எந்த வழியில் சரி செய்திருந்தாலும் கடைசியில் ஒரு சோதனை இருக்கிறது. கையேட்டில் சொன்ன டிக் எண்ணிக்கைக்குள் லிவர் பிடிக்க வேண்டும், இறக்கியதும் இரண்டு சக்கரமும் தடையில்லாமல் சுற்ற வேண்டும். அப்புறம் நாலைந்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு, பின்சக்கரங்களின் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அனலாக அடித்தால் அங்கே ஷூ இன்னும் உரசுகிறது, கேபிள் நட்டை ஒன்றிரண்டு சுற்று தளர்த்தி மறுபடி பாருங்கள். அப்போதும் சூடு குறையவில்லையென்றால் அந்த டிரம்மைத் திரும்பத் திறக்க வேண்டும்.