குடும்பக் குழுவா, ஆம்புட்ஸ்மன் தொண்டா?

அமெரிக்காவில் நர்சிங் ஹோமில், அதாவது முதியோர் பராமரிப்பு இல்லத்தில், இருப்பவர்களுக்காக உறவினர்கள் குரல் கொடுக்க இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது குடும்பக் குழு. உறவினர்கள் கூடிப் பேச இல்லம் தனியிடம் தர வேண்டும்; குழு அழைத்தால் மட்டுமே ஊழியர்கள் உள்ளே வரலாம். குழு சொல்லும் குறைகளுக்கு என்ன செய்தோம், ஏன் என்பதை நிர்வாகம் காட்டியாக வேண்டும். இரவில் மணி அடித்தும் யாரும் வரவில்லை என்று ஒரு மகள் சொன்னால் சமாளித்துவிடுவார்கள். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து சொன்னால் முடியாது. அம்மா அங்கே இருக்கும்வரை இதுவே சரியான வழி என்பேன். ஆனால் முன்னின்று நடத்துபவர் விலகினால் குழுவே கலைந்துபோகலாம்.

இரண்டாவது, இல்லத்தில் வசிப்பவர்களின் குறைகளைக் கேட்டுத் தீர்க்க உதவும் ஆம்புட்ஸ்மன் திட்டத்தில் தொண்டாற்றுவது. இத்திட்டம் 1978 முதல் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயம். தொண்டருக்குப் பயிற்சி உண்டு. முதியவரின் சம்மதத்தோடுதான் புகாரைக் கையாள்வார், ரகசியம் காப்பார். பிள்ளைகளின் விருப்பமல்ல, முதியவரின் விருப்பமே அவருக்கு முதன்மை. இது மிகப் பெரிய விஷயம். பார்க்க வர யாருமற்றவருக்கு வேறு துணை ஏது? ஒரு தடை: தன் நெருங்கிய உறவினர் வசிக்கும் இல்லத்தில் தொண்டாற்றுவது நலன்முரணாகக் கருதப்படும். வேறு இல்லத்தைத் தேர்ந்தெடுங்கள்.