பார்க்க இடமில்லாத ஊருக்கு விருந்தினர் வந்தால்

பெயர்பெற்ற இடம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத சிற்றூரில் குடியிருப்பவருக்கு, வெளியூரிலிருந்து விருந்தினர் வருகிறார்கள் என்ற செய்தி மகிழ்ச்சியோடு ஒரு தயக்கத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் வழி செய்துவிடலாம். இரண்டு நாள் பொழுதை எப்படிக் கழிப்பது என்பதுதான் கேள்வி. வெளியூருக்கு வண்டியில் அழைத்துச் செல்வது, உள்ளூரை நடந்து காட்டுவது, வீட்டிலேயே விளையாட்டும் பேச்சுமாக இருப்பது, இரவு வானத்தைக் காட்டுவது என நான்கு வழிகள் இருக்கின்றன. எத்தனை இடம் பார்த்தார்கள் என்று எண்ணினால் முதல் வழி வெல்லும். மனம்விட்டுப் பேச எவ்வளவு நேரம் கிடைத்தது என்று பார்த்தால் அதுவே கடைசிக்குப் போய்விடும்.

சனிக்கிழமை நண்பகலில் வந்து ஞாயிறு மாலை கிளம்பும் விருந்தினருக்கு மொத்தம் 30 மணி நேரம் இருக்கிறது. உறக்கத்துக்கு 8 மணி நேரமும், குளியல், சாப்பாடு ஆகியவற்றுக்கு 6 மணி நேரமும் போக மிஞ்சுவது 16 மணி நேரம். சுற்றுலாத் தலம் 120 கிலோமீட்டர் தொலைவில் இருந்து, வண்டி சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், போய்வரவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகிவிடுகிறது. ஏற்கெனவே பயணக் களைப்போடு வந்தவர்களை மறுபடியும் வண்டியில் ஏற்றுகிறோம். ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்க, பின்னிருக்கையில் இருப்பவர்கள் தூங்கிவிடுகிறார்கள். நான்கைந்து நாள் தங்குபவர்களுக்கு இந்த வழி பொருந்தும் என்பதை மறுப்பதற்கில்லை. குறுகிய வருகையாக இருந்தால், அந்த இடம் அவர்கள் ஊர் திரும்பும் பாதையில் அமையுமா என்று பார்த்து, கிளம்பும் நாளில் வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்வது மேல். திரும்பிவரும் பாதித் தொலைவாவது மிச்சமாகும்.

உள்ளூரில் நடப்பதற்குச் செலவில்லை. ஒன்றரை மணி நேர நிதான நடையில் சிற்றூரின் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம். இதில் தடையாக நிற்பது பெரும்பாலும் ஊர்க்காரரின் கண்தான். தினமும் பார்த்துப் பழகியதால், இங்கே என்ன இருக்கிறது என்று அவரே முதலில் சொல்லிவிடுகிறார். என் கணிப்பில், வெறும் கட்டடங்களைவிட வேலை நடக்கும் இடங்களே விருந்தினரை நிறுத்திவைக்கின்றன. மரம் இழைக்கும் பட்டறையோ அச்சகமோ இருந்தால், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கால் மணி நேரம் நின்று பார்க்கலாம். ஆனால் இவை விடுமுறை நாளில் மூடியிருக்கும் என்பதையும், சிறு குழந்தைகள் விரைவில் சலித்துத் தூக்கச் சொல்வார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

வீட்டிலேயே இருப்பது மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ற வழி. சதுரங்கத்தில் இருவர் மூழ்கிவிட மற்றவர்கள் கைப்பேசியை எடுத்துக்கொள்கிறார்கள்; நால்வர் உட்காரும் கேரம் பலகையோ சீட்டுக்கட்டோ கூட்டத்தைச் சேர்த்துவைக்கிறது. வீட்டுக்காரர் ஒருவர் நாள் முழுவதும் சமையலறையில் அடைபட்டுப்போவது இதில் உள்ள பெருங்குறை.

நகரத்தவரால் காசு கொடுத்தாலும் தம் ஊரில் பெற முடியாத ஒன்று சிற்றூரில் இருக்கிறது என்றால், அது இருட்டு. தெருவிளக்கு எட்டாத திடலோ மொட்டை மாடியோ போதும். இருளுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை பிடிக்கும். நடுவில் ஒருவர் கைப்பேசித் திரையைத் திறந்தால் மறுபடியும் காத்திருக்க வேண்டியதுதான். வெளிச்சம் தேவைப்பட்டால் விளக்கைச் சிவப்புத் தாளால் மூடிக்கொள்ளலாம். மங்கிய சிவப்பொளி கண்ணை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. நிலவைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுப்பது அவசியம். முழுநிலவு நாளில் பால்வெளி மறைந்துவிடும். ஆனால் நிலவு நாளுக்கு நாள் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழுவதால், பௌர்ணமி கழிந்து நான்கைந்து நாள் ஆனாலே முன்னிரவு இருட்டாகக் கிடைத்துவிடுகிறது. கார்த்திகைக் கூட்டத்தில் வெறுங்கண்ணால் எத்தனை விண்மீன்கள் தெரிகின்றன என்று எண்ணச் சொன்னால், பலர் ஆறு என்பார்கள், சிலர் ஏழு என்பார்கள். அந்தச் சச்சரவிலேயே அரைமணி நேரம் ஓடிவிடும். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம் அந்தி கழிந்தவுடன் கண் சிமிட்டாத வெண்புள்ளியாகக் கடந்துபோகும் நாள் அமைந்துவிட்டால், குழந்தைகளைப் படுக்கைக்கு அனுப்புவதுதான் கடினம்.

மேகம் மூடினால் இந்த ஏற்பாடு முழுவதும் வீண் என்பது உண்மைதான். இருந்தாலும் வெளியூர்ப் பயணத்தைப் போல் இது பகலைத் தின்பதில்லை. மாலை நடையும் வீட்டு விளையாட்டும் முடிந்த பிறகு மிஞ்சும் இரவைத்தான் கேட்கிறது. மேகம் வந்தால் கேரம் பலகையை மறுபடியும் விரித்துக்கொள்ளலாம். வானம் தெளிந்திருந்தால், வயதானவர்கள் அண்ணாந்து நின்று கழுத்து வலியோடு திரும்பாதபடி, முதலிலேயே அவர்களுக்குச் சாய்வு நாற்காலியும் மற்றவர்களுக்குப் பாயும் போட்டுவைக்க வேண்டும்.