தோசைக்கு இடமில்லை, சுண்டலுக்கு உண்டு

டோக்கியோவுக்குப் பரிமாற்ற மாணவராகப் போவதைப் பற்றி விசாரிக்க தில்லி ஆர்.கே.புரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வரும் தம்பி தங்கைகள், விடுதி வாடகையைக் கேட்ட கையோடு, அங்குள்ள பல்கலைக்கழக விழா பார்க்கத் தகுந்ததுதானா என்றும் கேட்டுவிடுகிறார்கள். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு படித்து, அவ்விழாவில் வாங்குபவனாகவும் விற்பவனாகவும் நின்றவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

காகுசாய் எனப்படும் இவ்விழாக்களில் பல, நவம்பர் 3 ஆம் தேதி வரும் பண்பாட்டு நாள் விடுமுறையை ஒட்டிய வாரங்களில் நடக்கின்றன. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் மே மாதம் ஹோங்கோ வளாகத்தில் ஒன்றும், நவம்பரில் கொமாபா வளாகத்தில் மற்றொன்றும் நடைபெறும். டோக்கியோ அயல்மொழிப் பல்கலைக்கழகத்தின் விழாவில் முதலாண்டு மாணவர்கள் தாம் பயிலும் மொழிக்குரிய நாட்டின் உணவைச் சமைத்து விற்க, இரண்டாமாண்டு மாணவர்கள் அம்மொழியிலேயே நாடகம் போடுகிறார்கள். இந்தி, உருது, வங்காளம் மூன்றும் அங்கே முதன்மைப் பாடமாக உண்டு. தமிழ் அப்படி இல்லை என்பதில் எனக்குச் சிறு வருத்தம்.

தில்லியின் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யூ.) அயல்நாட்டு மாணவர்கள் நடத்தும் சர்வதேச உணவு விழாவைப் பார்த்தவர்களுக்கு, கடை போடுவதென்றால் ஓர் அடுப்பும் நாலு நண்பர்களும் போதும் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்து, தோசை போடலாம் என்று எங்கள் அயல்நாட்டு மாணவர் சங்கக் கூட்டத்தில் கையைத் தூக்கினேன். விழாக் குழு மாணவர்கள் ஒரு தடித்த விதிப் புத்தகத்தை எடுத்து வைத்தார்கள். முந்தின நாள் வீட்டில் தயாரித்த எதையும் விற்கக் கூடாது. பரிமாறுவதற்குச் சற்று முன் முழுதாகச் சூடாக்க வேண்டும். சூடாக்கிய பிறகு பச்சையாக எதையும் மேலே தூவக் கூடாது. உணவைத் தொடுபவர் ஒவ்வொருவரும் மலப் பரிசோதனைச் சான்று தர வேண்டும். மாவு இரவெல்லாம் புளிக்க வேண்டும் என்று நான் விளக்கியபோது எதிரில் இருந்த பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்து, அந்தப் பேச்சை நானே நிறுத்திக்கொண்டேன்.

நவராத்திரி கைகொடுத்தது. டின்னில் அடைத்த வெந்த கொண்டைக்கடலை, உலர்ந்த தேங்காய்த் துருவல், கடுகு, மிளகாய், பெருங்காயம் என்று எழுதிக் கொடுத்த பட்டியலுக்கு இரண்டு வாரத்தில் அனுமதி வந்தது. தேங்காயை இறக்கும்போது தூவாமல் கடலையோடு சேர்த்தே வதக்க வேண்டியிருந்தது, கறிவேப்பிலையும் கிடைக்கவில்லை. ஆகவே அது அம்மா ஒப்புக்கொள்ளும் சுண்டல் அன்று. ஆயினும் கோப்பை 300 யென்னுக்கு இரண்டு நாளும் விற்றுத் தீர்ந்தது. பெருங்காயம் பொரியும் வாசனைக்கு முதலில் சற்று விலகி நின்ற பக்கத்துக் கடை டென்னிஸ் குழுவினர், மறுநாள் காலையில் தாங்களாகவே வந்து கோப்பையை நீட்டினார்கள். விதிகளை நான் அன்று சபித்தது உண்மை. ஆனால் அவற்றை அச்சிட்டு, ஒவ்வொரு கடையின் வெப்பமானியையும் மணிக்கொருமுறை பார்த்துப் போனவர்கள் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். பேராசிரியர் ஒருவரையும் அந்தப் பக்கம் காணோம்.

வாங்குபவனாகச் சொன்னால், சாப்பாட்டுக்குப் பாதி மதிப்பெண்தான் தருவேன். எங்கும் யாக்கிசோபா என்னும் வதக்கிய நூடுல்ஸ், தக்கோயாக்கி என்னும் ஆக்டோபஸ் உருண்டை, தொத்திறைச்சி; நூடுல்ஸின் மேல் மீன் சீவல் இல்லாவிட்டாலும் சாஸில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. சைவம் உண்போருக்குச் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்குதான் கதி. வரைபடம் முழுவதும் ஜப்பானிய மொழியில் மட்டுமே இருந்ததால், என்னோடு வந்த வியட்நாம் தோழர் இசை அரங்கைத் தேடி வேதியியல் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

தேநீர்க் குழுவின் அறை இதற்கு நேர்மாறு. 500 யென்னுக்கு முதலில் ஓர் இனிப்பு, பிறகு ஒரு கிண்ணம் மத்சா என்னும் பச்சைத் தேயிலைப் பொடித் தேநீர், இடையில் கிண்ணத்தைத் திருப்பிப் பிடிக்கும் முறையைப் பொறுமையாகக் கற்றுத்தரும் ஒரு மாணவி. சம்மணம் போட்டே வளர்ந்த எனக்கும் முழந்தாளிட்ட இருபது நிமிடத்தில் கால் மரத்துப்போனது. விழாவில் நான் செலவழித்த பணத்தில் மனம் நிறைந்து கொடுத்தது அதுதான்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கடைக்கான விண்ணப்பம் எங்கள் பல்கலைக்கழகத்தில் கோடையிலேயே முடிந்துவிட்டது. செப்டம்பர் இறுதியில் வந்து இறங்கியவர்கள் தனியாகக் கடை கேட்க வழியில்லை. நான் ஏப்ரலில் போனதால் தப்பித்தேன். இலையுதிர் பருவத்தில் போகிறவர்கள் தில்லியில் இருக்கும்போதே, ஜூன் மாதத்துக்குள், அங்குள்ள அயல்நாட்டு மாணவர் சங்கத்துக்கு எழுதி ஒரு கடையில் சேர்ந்துகொள்வது நல்லது. பெருங்காயத்தை இங்கிருந்தே எடுத்துப் போங்கள்.